ஒருசந்தியும் ஒரு கம்பியும்

அத்தியாயம் பதினேழு

சாம்பல் புதனன்று கோயிற்படியில் மயங்கி விழுந்த லூர்து மேரி, தவக்காலம் முடியப்போகும் இவ்வேளையில் அலோர் ஸ்டாரில் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் படுத்திருந்தார். இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் புறப்படும் வாயிலில் உள்ள வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது. நெஞ்சைப் பிளந்து அதனை மாற்றுவதற்கு அவருடைய நுரையீரல் இடங்கொடாது. ஆகவே தொடையின் இரத்தக் குழாய் வழியாக ஒரு கம்பியைச் செலுத்தி, அக்கம்பியின்மேல் புதிய வால்வை ஏற்றிச் சென்று இதயத்தில் வைத்துவிடுவது என்று டாக்டர் சத்தியசீலன் முடிவு செய்திருந்தார். பெரிய வியாழனுக்கு முந்தைய நாளாகிய இந்தப் புதன்கிழமையே அதற்கென்று குறிக்கப்பட்ட நாள்.

மெர்கோங்கில் உள்ள தன் வீட்டிலிருந்து காலையில் புறப்பட்ட மகள் இவாஞ்சலின், பல ஆண்டுகளாக அதே மருத்துவமனைக்கு அதே சாலையில் வந்து போகிறவள்தான். கேத் லேப் என்று எல்லாரும் அழைக்கும் இதயக்குழாய்க் கூடத்தில் அவள் தாதி. வால்வு மாற்றும் நாள்களில் கம்பியை உறையிலிருந்து எடுத்து, உப்புநீரில் நனைத்து, சுருளைப் பிரித்து டாக்டரின் கையில் கொடுப்பவள் அவளே. இன்று மட்டும் அவள் சீருடை அணியவில்லை. சொந்த இரத்தம் படுத்திருக்கும் மேசையருகே ஒருவரும் நிற்கலாகாது என்பது அக்கூடத்தின் விதி. அவ்விதியை நினைத்து அவள் வருந்தவில்லை. உள்ளூர அதற்கு நன்றி சொல்லிக்கொண்டாள் என்பதே உண்மை.

கம்பி என்றவுடன் வேலிக்கம்பியை நினைத்துவிடலாகாது. அது நூலினும் சற்றுத் தடித்தது, ஆளினும் நீண்டது. அதன் உடல் விறைப்பாக இல்லாவிடில் வால்வின் பாரத்தைத் தாங்காது. அதன் நுனி இளகியதாக இல்லாவிடில் இதயத்தின் சுவரைத் துளைத்துவிடும். விறைப்பும் இளக்கமும் ஒரே கம்பியில் அமைய வேண்டும். எவ்வகைக் கம்பி அதற்கு ஏற்றது என்று சென்ற ஆண்டு முழுவதும் டாக்டர் சத்தியசீலன் ஒப்பிட்டுப் பார்த்துவந்தார். நேராக வரும் கம்பியின் நுனியைக் கையால் வளைத்துச் சிலருக்கு இட்டார். தொழிற்சாலையிலேயே வளைந்து வரும் கம்பியைச் சிலருக்கு இட்டார். பெரிய இதயங்களில் இரண்டிற்கும் வேற்றுமை மிகுதியாக இல்லை. சிறிய இதயங்களிலேதான் வேற்றுமை தெரிந்தது. அதனை அருகிலிருந்து கண்டவள் இவாஞ்சலின்.

அவளுடைய தாயின் இதயமோ மிகச் சிறியது.

வண்டி நிறுத்துமிடத்தில் தம்பி ஜோனதன் அவளுக்காகக் காத்திருந்தான். சுங்கை பட்டாணியில் கார்களுக்குக் குளிர்சாதனம் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். நகக்கண்களில் எண்ணெய்க் கறை போகாத கை. எதையும் கழற்றி மாட்டிவிடலாம் என்று நம்பும் மனம். தாயைப் பேசிப் பேசி இந்தச் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளச் செய்தவன் அவன்தான். அப்பொழுதெல்லாம் இவாஞ்சலின் ஆம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"என்னாக்கா, மூஞ்ச இப்படி வச்சிருக்க? அம்மா பாத்தா எழுந்து ஓடிரும்லா."

தூங்கவில்லை என்று அவள் பொய் சொன்னாள்.

கோலா கெத்தில் என்னும் ஊரில் வீட்டோடு இருக்கும் தந்தை அந்தோணிதாஸ் விடியுமுன்பே எழுந்து, பொழுது விடிந்ததிலிருந்து தன்னை அழைத்துக்கொண்டே இருப்பதாக ஜோனதன் கூறினான். முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய அம்மனிதர் எதற்கும் அஞ்சாதவர். மருத்துவமனைப் படியை மட்டும் மிதிக்கமாட்டார். தம்முடைய தாயும் தமையனும் அப்படி ஏறிப் போனவர்கள் திரும்பி வரவில்லை என்பது அவர் கூறும் காரணம். ஆகவே தோட்டத்துச் சிற்றாலயத்தில் உட்கார்ந்துகொண்டு, கைத்தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, மகன் சொல்லப்போகும் ஒரு சொல்லுக்காக அவர் காத்திருந்தார்.

மாடியில் லூர்து மேரி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலைமுடியைப் பின்னி, நெற்றியை ஈரத்துணியால் துடைத்து, எங்கோ விருந்துக்குப் போகிறவரைப் போல ஆயத்தமாக இருந்தார். உதடுகள் மட்டும் வெடித்துத் தோலுரிந்திருந்தன.

"இவா, அந்தக் கம்பி எம்மாம் நீளம்னு சொன்ன?"

"ஏம்மா திரும்பத் திரும்ப அதையே கேக்குற?"

"என் ஒசரத்துக்கு மேலன்னு சொன்னியே. மிச்சத்த எங்க வைப்பாங்க?"

ஜோனதன் சிரித்துவிட்டான். மிச்சத்தை வெளியே விட்டு, அதில் துணி காயப்போடுவார்கள் என்றான். வாயில் அடிப்பதற்குக் கையை ஓங்கிய லூர்து மேரிக்கு மூச்சு வாங்கியது. ஓங்கிய கை பாதியிலேயே மடியில் விழுந்தது. மகனும் மகளும் அதனைக் காணாதவர்களைப்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கூடத்திற்குக் கொண்டுபோகுமுன் இறுதியாக ஒருமுறை ஒலியலைக் கருவியால் இதயத்தைப் பார்ப்பது வழக்கம். கருவியைத் தள்ளிக்கொண்டு வந்த இளைஞன் குணாளன், இவாஞ்சலினோடு வேலை செய்பவன். வரும்போது அக்கா, அக்கா என்று வாயோயாமல் பேசிக்கொண்டு வந்தவன். கருவியை லூர்து மேரியின் இடப்பக்கத்து விலாவில் வைத்தபின் அவன் பேச்சு நின்றது. வைத்த இடத்திலேயே வைத்து மீண்டும் பார்த்தான். பிறகு டாக்டரை அழைத்து வருவதாகச் சொல்லி எழுந்து போனான்.

திரையில் அசைந்துகொண்டிருந்த உருவத்தை இவாஞ்சலினும் கண்டாள். தடித்த இரு சுவர்கள். சென்ற வாரம் அவற்றிற்கு நடுவே சிறிய அறை ஒன்று இருந்தது. இன்று, ஒவ்வொரு துடிப்பிலும் சுவரோடு சுவர் மோதிக்கொண்டது. அறை எங்கே போயிற்று?

அடுத்த கட்டிலில் மக்சிக் ரொஹானி என்னும் மலாய் மூதாட்டி படுத்திருந்தார். நோன்பு மாதம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த அம்மாளுக்கு நெடுநேரமாக ஒரு மனக்குறை. கட்டில்களுக்கு நடுவே இருந்த திரைச்சீலை விலகியதும் இவாஞ்சலினை அருகே அழைத்து மலாயில் மெல்லக் கேட்டுவிட்டார். எனக்கு நோன்பே கூடாதென்று டாக்டர்கள் கண்டிப்பாகத் தடுத்துவிட்டார்களே, உன் தாய்க்கு மட்டும் எப்படி அனுமதி கிடைத்தது? வந்த நாள்முதல் பகலெல்லாம் ஒரு வாய்த் தண்ணீர்கூட அவர் பருகவில்லையே. மாலையில்கூட நாலு கரண்டிக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறாரே. எங்களைவிடக் கடுமையாகப் பிடிக்கிறாரே.

இவாஞ்சலினுக்கு அந்தக் கணமே யாவும் விளங்கிற்று.

லூர்து மேரி பிடித்தது ரமலான் நோன்பு இல்லை, ஒருசந்தி. தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் உண்டு மற்ற வேளைகளை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பது அக்குடும்பத்தில் வழிவழியாக வந்தது. புனித வாரத்தில் பொழுது சாயும்வரை தண்ணீரும் தொடாமல் அதனை இறுக்கிக்கொள்வது லூர்து மேரி தாமே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். நோயாளியானபின் அதனை விட்டிருப்பார் என்று பிள்ளைகள் எண்ணியிருந்தார்கள். குருத்து ஞாயிறன்று இங்கே சேர்க்கப்பட்டவர், திங்கள் விடிந்ததும் அதனைத் தொடங்கிவிட்டார். நோன்பு மாதமாதலால் தொடப்படாத தட்டைக் கண்டு பணியாளர்கள் ஐயுறவில்லை. அவ்வார்டில் பகலில் உண்ணாதவர் பலர் இருந்தனர்; அவர்களுள் இவரும் ஒருவர் என்று தட்டை மூடி எடுத்துச் சென்றுவிட்டார்கள்.

உண்ணாததோடு முடியவில்லை. நுரையீரலில் நீர் கோக்காதிருக்கக் கொடுத்த நீர் மாத்திரையை மட்டும் அவர் தண்ணீரின்றியே வேளை தவறாது விழுங்கினார். மருந்து நோன்பைக் கெடுக்காதாம். உள்ளே போகும் நீரை அவர் நிறுத்தினார். இருந்த நீரை மாத்திரை வெளியேற்றியது. இதயத்தை நிரப்ப உடலில் ஒன்றும் இல்லாமற் போயிற்று.

"யாரும்மா ஒன்னய ஒருசந்தி பிடிக்கச் சொன்னது?" என்று இவாஞ்சலின் கேட்டாள். குரலை உயர்த்தாமற் கேட்கப் பெரிதும் முயன்றாள்.

"யாரு சொல்லணும்? கம்பி போவுதுன்னு சொன்ன. சும்மா மல்லாந்து படுத்திருந்தா போதுமா? என் பங்குக்கு நானும் ஏதாச்சும் செய்யணும்ல."

"டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா விடுவீங்களா?" என்றார் லூர்து மேரி. தம்முடைய கெட்டிக்காரத்தனத்தில் அவருக்குச் சிறிது பெருமைகூட இருந்தது.

டாக்டர் சத்தியசீலன் வந்தார், திரையைப் பார்த்தார், லூர்து மேரியின் கையைத் தொட்டு இதமாக இரண்டு சொற்கள் பேசினார். பின்பு இவாஞ்சலினை மட்டும் கூடத்தின் முன்னறைக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே மேசைமேல் பச்சைத் துணி விரித்திருந்தது. பழகுவோர்க்குக் கற்பிக்க வைத்திருக்கும் இரு கம்பிகளை அவர் அதன்மேல் வைத்தார். ஒன்று நேரானது. மற்றொன்றின் நுனி நாய்வாலைப் போல் சுருண்டிருந்தது.

அவரோடு இத்தனை காலம் வேலை செய்தவளுக்கு அவர் சொல்லப்போவது முன்பே தெரிந்தது.

"இது நான் போட நினைச்சது," என்று சுருண்ட கம்பியை அவர் தொட்டுக் காட்டினார். "இருக்கிறதுலயே சின்ன வளைவு. இது படுக்கிறதுக்குக் கொஞ்சம் எடம் வேணும். போன வாரம் எடம் இருந்துச்சு. இன்னிக்கு இல்ல. உள்ள போனா விரிய முடியாம சுவத்த அமுக்கும்."

நேரான கம்பியைக் கையால் சிறிதாக வளைக்கலாமே என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அவர் அக்கம்பியின் நுனியைத் தம் விரல்களுக்கிடையே வைத்து இழுத்து ஒரு சிறிய வளையமாக்கினார். வளையம் அழகாகவே அமைந்தது. ஆனால் வளையம் முடிந்து விறைப்பு தொடங்கும் இடத்தில் ஒரு முழங்கை. தொழிற்சாலைக் கம்பியில் இளக்கத்திலிருந்து விறைப்பு மெல்ல மெல்ல ஏறும். கையால் வளைத்ததிலோ ஓரிடத்தில் திடுமென ஏறும். வால்வை அதன்மேல் தள்ளும்போது அம்முழங்கை முன்னே வந்து சுவரில் ஊன்றும். விசாலமான இதயத்தில் ஊன்றினால் வழுக்கி விலகிவிடும். வெறுமையான இதயத்தில் விலகுவதற்கு இடம் ஏது?

சென்ற ஆண்டு ஓர் அம்மாள் உள்ளே கூடத்து மேசையிலேயே இறந்துபோனார். பாடாங் செராயிலிருந்து வந்தவர். லூர்து மேரியின் உருவமே. கையால் வளைத்த இவ்விதமான கம்பியே. அதனை எடுத்துக் கொடுத்தவள் இவாஞ்சலின். அவர் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. எடுக்காமலே அந்த அம்மாள் அவ்விருவருக்கும் நடுவே வந்து நின்றார்.

நீர் ஏற்றி இதயத்தை நிரப்பிவிட்டால் என்ன என்று அவள் கேட்டாள். அதைத்தான் முதலில் செய்யப்போவதாக அவர் கூறினார். உடனே, அதில் உள்ள சிக்கலையும் மறைக்காமற் சொன்னார். இதயத்தின் வாயில் அடைபட்டிருப்பதால், கூடுதலாக வரும் நீர் முன்னே போக வழியின்றிப் பின்னே திரும்பி நுரையீரலில் தேங்கும். இதயம் நிரம்புவதற்குள் நுரையீரல் நிரம்பிவிடலாம். சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்ப்போம் என்று சொல்லி அவர் எழுந்தார்.

இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது அந்த எறும்புக்காக அவள் வருந்தியதுண்டு. குச்சியின் நடுவிலேனும் அதற்குச் சிறிது இடம் இருந்திருக்கும் என்று இன்று அவளுக்குத் தோன்றியது.

நண்பகல்வரை நீர் ஏறிற்று. முதலில் முகம் சற்றே தெளிந்தது. ஜோனதன் அதனைக் கண்டு துள்ளினான். குணாளனை அழைத்துத் திரும்பப் பார்க்கச் சொன்னான். சுவர்கள் மெய்யாகவே இழையளவு விலகியிருந்தன. அந்த இழையளவை நம்பி, இன்று மாலைக்குள் எல்லாம் நடந்துவிடும் என்று அவன் தந்தைக்குத் தொலைபேசியிற் சொன்னான்.

பிறகு இருமல் தொடங்கிற்று. வறட்டு இருமலாகத் தொடங்கியது, ஈரமாயிற்று. லூர்து மேரியால் சாய்ந்திருக்க முடியவில்லை. கட்டிலின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டுக் குனிந்து உட்கார்ந்து மூச்சுக்காகப் போராடினார். தாதியர் ஓடிவந்து நீரை நிறுத்தி, ஆக்சிஜன் முகமூடியை மாட்டினர். காலையில் குறை சொன்ன மக்சிக் ரொஹானி இப்பொழுது கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். நீரை வெளியேற்ற மீண்டும் ஊசி போட வேண்டியதாயிற்று. விலகிய இழையளவும் அந்த ஊசியோடு போயிற்று.

நடையில் நின்றுகொண்டு டாக்டர் சத்தியசீலன் பிள்ளைகள் இருவருக்கும் நிலைமையை எடுத்துரைத்தார். இன்றே செய்துதான் ஆக வேண்டுமெனில் செய்யலாம். இருக்கும் கம்பிகளுள் ஒன்றை வைத்துக்கொண்டு, சுவர் துளைபட்டுவிட்டால் காப்பாற்ற வழியில்லை என்பதை அறிந்துகொண்டு செய்ய வேண்டும். இன்றேல் நிறுத்திவைக்கலாம். உணவும் நீரும் இயல்பாக உட்கொண்டு உடல் தானாக நிரம்புவதற்கு இரண்டு வாரமேனும் ஆகும். அந்த இரண்டு வாரத்தை இந்த வால்வு கொடுக்குமா என்று கேட்டால், கொடுக்கும் என்று சொல்லத் தமக்குத் துணிவில்லை என்றார். முடிவை நோயாளிதான் சொல்ல வேண்டும். அவருக்கு விளங்கும்படி நீங்கள் சொல்லுங்கள் என்று இவாஞ்சலினிடம் கூறிவிட்டுப் போனார்.

"செய்யச் சொல்லு," என்றான் ஜோனதன்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் கம்ப்ரெஸ்ஸர் கழட்டுறவன். உன் மாதிரி படிக்கல. ஆனா ஒண்ணு தெரியும். ரிப்பேர் பண்ணாத காடி ரோட்டுல நின்னுரும். ரெண்டு வாரத்துல அம்மா செத்துரும்னு அவரே சொல்றாருலா."

"அவர் அப்படிச் சொல்லல, ஜோனா."

"வேற என்னா சொன்னாரு? நல்ல தமிழ்ல சொன்னாரு, அவ்ளோதான். நீ இங்கதான வேல செய்யுற? ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் கம்பி எடுத்துக் குடுக்குற. பெத்தவளுக்குன்னா மட்டும் கை வரமாட்டேங்குது."

அச்சொல் எங்குத் தைக்க வேண்டுமோ அங்குத் தைத்தது. பாடாங் செராய் அம்மாளைப் பற்றி அவனுக்குத் தெரியாது. தெரிவித்துவிடலாம் என்று வாயைத் திறந்தவள், அந்த அம்மாளின் மகனும் இதே நடையில் நின்றுகொண்டுதான் செய்யச் சொல்லுங்கள் என்றான் என்பதை நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

மாலை வெயில் சன்னலில் இறங்கியபொழுது இருமல் அடங்கியிருந்தது. இவாஞ்சலின் தாயின் அருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் கூறினாள். ஒன்றை மட்டும் அவள் கூறவில்லை. ஒருசந்தியால்தான் அறை சுருங்கிற்று என்பதை மெலிதாக்கி, உடலில் நீர் குறைந்துவிட்டது என்றாள். லூர்து மேரி படிப்பறிவு மிகுதியாக இல்லாதவர். ஆயினும் பேதை அல்லர். அவர் வெடித்த உதடுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"நாந்தான் கெடுத்துக்கிட்டேனா?"

"இல்லம்மா."

"ஒனக்குப் பொய் சொல்ல வராது. சின்னதுலருந்தே வராது." முகமூடியை விலக்கி மூச்சைச் சேர்த்துக்கொண்டு அவர் தொடர்ந்தார். "சரி, இத மட்டும் சொல்லு. வேற யாரோ படுத்திருக்கா. ஒன் அம்மா இல்ல. டாக்டரு கைய நீட்டுறாரு. நீ அந்தக் கம்பிய எடுத்துக் குடுப்பியா?"

கட்டிலின் கால்மாட்டில் ஜோனதன் நின்றுகொண்டிருந்தான். குடுப்பேன் என்று சொல் என்று அவனுடைய முகம் முழுவதும் கெஞ்சிற்று. அவ்வொரு சொல்லைச் சொன்னால் தாய் ஒப்புக்கொள்வார். கூடத்தின் விளக்குகள் எரியும். நூற்றில் எத்தனையோ பேர் தப்புகிறார்கள்; தாயும் தப்பலாம். சொல்லாவிட்டால், அவருக்கு இருக்கும் ஒரே வழியைத் தன் வாயாலேயே அடைத்தவள் ஆவாள். இரண்டில் எதைச் சொன்னாலும் வாழ்நாள் முழுவதும் மற்றதை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் அவள் அறியாதவள் அல்லள்.

"குடுக்க மாட்டேம்மா," என்றாள்.

லூர்து மேரி தலையை அசைத்தார். அதில் கோபம் இல்லை, வியப்பும் இல்லை. சந்தையில் விலை கேட்டு, கட்டாது என்று கூடையை எடுத்துக்கொள்ளும் பெண்ணின் தலையசைப்பு அது.

"அப்ப வேணாம். நாளைக்கு என்னய வீட்டுக்குக் கொண்டு போங்க."

ஜோனதன் திரும்பி நடந்தான். கதவு ஆடி ஆடி நின்றது. கஞ்சி வந்தது. பொழுது சாயட்டும் என்று லூர்து மேரி இப்பொழுது சொல்லவில்லை. மகள் ஊட்ட ஊட்ட, பணிவான குழந்தையைப் போல் விழுங்கினார். அந்தப் பணிவைக் காணச் சகியாமல் இவாஞ்சலின் கரண்டியையே பார்த்துக்கொண்டு ஊட்டினாள்.

டாக்டரிடம் சென்று தாயின் முடிவைச் சொன்னாள். அவர் மருந்துச் சீட்டைத் திருத்தி எழுதினார். வீட்டில் சிறுகச் சிறுக நீர் பருகட்டும். மாத்திரையின் அளவைக் குறைத்துத் தருகிறேன். படியேறுதல், மேடேறுதல், விரைந்து நடத்தல் யாதொன்றும் கூடாது. ஒரு மேட்டில் ஏறுவதே அந்த இதயத்திற்கு இறுதியாகிவிடலாம் என்றார். நிரம்பினால் மீண்டும் பார்ப்போம் என்றும் கூறினார். நிரம்பினால் என்ற அச்சொல்லை அவர் சொல்லிய விதத்திலேயே அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது.

அவள் வார்டுக்குத் திரும்பியபோது ஜோனதன் தாயருகே வந்து நின்றிருந்தான். கண்கள் சிவந்திருந்தன. தொலைபேசி அவன் கையில் இருந்தது. தந்தையின் குரல் அதிலிருந்து வார்டு முழுவதும் கேட்கும்படி வந்துகொண்டிருந்தது. காது மந்தமானவர் ஆதலால் எதிரே இருப்பவருக்கும் மந்தம் என்று எண்ணிப் பேசுபவர் அந்தோணிதாஸ்.

"ஆண்டவருக்குத் தோத்திரம், மேரி. இவன் சொன்னான். எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சுன்னு சொன்னான். வலி இருக்கா?"

இவாஞ்சலின் தம்பியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. படிக்கட்டில் நின்று அழுதுகொண்டிருந்தவனைத் தந்தை அழைத்திருக்கிறார். அழுகையை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு, முடிஞ்சிருச்சா, முடிஞ்சிருச்சா என்று கேட்டிருக்கிறார். மருத்துவமனையிலிருந்து எவரும் பிழைத்து வந்ததில்லை என்று நம்பும் அக்கிழவரிடம், முடியவில்லை என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை.

இவாஞ்சலின் தொலைபேசிக்குக் கையை நீட்டினாள். லூர்து மேரி அவளுடைய மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். மறு கையால் தாமே தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

"வலி ஒண்ணும் இல்லீங்க."

"கம்பியெல்லாம் எடுத்துட்டாங்களா?"

"உள்ள ஒண்ணும் இல்ல. நாளைக்கு வந்துருவேன். நீங்க பசியாறுனீங்களா?"

பசியாறுவதாவது. அந்தோணிதாஸ் அதை எங்கே காதில் வாங்கினார்? செய்தி கேட்டவுடனே சிற்றாலயத்தில் இருந்தவர்களையெல்லாம் அழைத்துச் சொல்லிவிட்டாராம். பக்கத்து வீட்டுக் காளியம்மாகூடத் தங்கள் சாமிக்குத் தேங்காய் உடைத்தாளாம். உபதேசியாரிடமும் பேசிவிட்டாராம். தோட்டத்துச் செம்பனைக் காட்டுக்குள் மேடேறிப் போகும் சிலுவைப்பாதையில், பதினான்கு தலத்திலும் சிலுவையின் முன்னே மெழுகுவர்த்தி ஏந்திப் போவதற்கு இந்தப் பெரிய வெள்ளிக்கு ஓர் ஆள் வேண்டுமாம்.

"நான் ஒன் பேரக் குடுத்துட்டேன், மேரி. புது இருதயம்ல. சனங்க பாக்கட்டும். நடந்துருவல்ல?"

மணிக்கட்டைப் பற்றியிருந்த விரல்கள் இறுகுவதை இவாஞ்சலின் உணர்ந்தாள். வேண்டாம் என்று அவள் தலையை அசைத்தாள். ஜோனதனும் அசைத்தான். அன்று நாள் முழுவதிலும் அவ்விருவரும் ஒன்றுபட்டது அந்த ஒரு கணத்திலேதான்.

லூர்து மேரி சன்னலுக்கு வெளியே பார்த்தார். மூச்சைச் சேர்த்துக்கொண்டார். கணவரின் குரலில் இப்படியொரு மகிழ்ச்சியைக் கேட்டு அவருக்கு எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தனவோ, அதனை அவர் மட்டுமே அறிவார்.

"நடக்குறேங்க," என்றார்.